“12 ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, பாஸ்!”



கடைசி பெஞ்ச், ஹாஸ்டல் மொட்டை மாடி, அரக்கோணம் லோக்கல்ல ஜன்னலோர சீட்... இந்த மூணு இடத்துலயும் சலிக்காம ஓடுற டாபிக் எது? ‘லவ்’னு சொன்னா பக்கத்தைத் திருப்பிடுங்க. ‘கார்’னு சொன்னீங்கன்னா, வாங்க... நீங்க நம்ம கட்சி!

நம்ம பசங்க கார் பேச்சு எப்பவும் ஒரே ரூட்லதான் போகும். முதல்ல ஃபெராரி, லம்போர்கினின்னு ஆரம்பிப்பாங்க. விலையைக் கேட்டதும் ஒரு நிமிஷம் மௌன அஞ்சலி. அப்புறம் ஒருத்தன் எழுந்து, “புதுசு எதுக்கு மச்சி, செகண்ட் ஹேண்டு போதாதா?”ன்னு ஞானோதயம் பேசுவான். இன்னொருத்தன், “அதுலயும் ஹைபிரிட்டா எடு. சூப்பர் கார் மாதிரி பறக்கும், மைலேஜும் கொடுக்கும்”னு முத்தாய்ப்பு வைப்பான். சபை கலையும்.

அந்த முத்தாய்ப்பைத்தான் இந்த வாரம் பிரிச்சு மேயப் போறோம். பழைய ஹைபிரிட் சூப்பர் கார் நம்பகமானதா? வாங்கினா என்னென்ன படுத்தும்? “பஸ் பாஸ் எடுக்கவே அப்பாகிட்ட கெஞ்சுறேன், எனக்கு எதுக்குப்பா இதெல்லாம்?”னு கேட்கிறவங்க கொஞ்சம் பொறுங்க. கடைசியில இந்த மேட்டர் உங்க வீட்டு வாசலுக்கே வரும்!

நம்ம ஹீரோ யாரு?

இந்தியாவுல ‘ஹைபிரிட் சூப்பர் கார்’னா முதல்ல ஞாபகம் வர்ற பேர் பி.எம்.டபிள்யூ. ஐ8. 2015 பிப்ரவரியில மும்பையில சச்சின் டெண்டுல்கர் திரை விலக்கி அறிமுகப்படுத்தின கார். ஷோரூம் விலையே 2.29 கோடி ரூபாய். அதுக்கும் முன்னாடி, 2011-ல வந்த ‘மிஷன் இம்பாசிபிள்: கோஸ்ட் புரோட்டோகால்’ படத்துல டாம் குரூஸ் கதைப்படி மும்பை டிராஃபிக்ல கிழிச்சுக்கிட்டுப் போவாரே, அது இந்தக் காரோட முன்மாதிரி வண்டிதான்.

கோடிக்கணக்கில் விலை, றெக்கை மாதிரி மேலே தூக்குற கதவு... உள்ளே எட்டிப் பார்த்தா இருக்கிறது 1.5 லிட்டர், மூணு சிலிண்டர் இன்ஜின்! சிரிக்காதீங்க. டர்போ போட்டு அந்தக் குட்டி இன்ஜின்ல இருந்து 231 குதிரை சக்தியைக் கறந்திருக்காங்க. அது பின் சக்கரங்களைச் சுத்தும். முன் சக்கரங்களுக்கு 131 குதிரை சக்தியில தனியா ஒரு மின்சார மோட்டார். ரெண்டும் சேர்ந்தா 362. நின்ன இடத்துல இருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட 4.4 விநாடி. ‘ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு’ன்னு நீங்க எண்ணி முடிக்கும்போது அது தெருமுனையைத் தாண்டியிருக்கும்.

மின்சாரப் பாதிக்கு உயிர் கொடுக்கிறது லித்தியம் அயன் பேட்டரி. 2014 மாடல்ல அதோட அளவு 7.1 யூனிட். ஆமா, வீட்டு மீட்டர்ல ஓடுமே, அதே யூனிட்தான். அதுலயும் சுமார் 5.2 யூனிட்டைத்தான் கார் நம்மளைத் தொட விடும். மீதியை, பேட்டரி சீக்கிரம் கிழவனாகக் கூடாதுன்னு மேலயும் கீழயும் ஒதுக்கி வெச்சிருக்கு. 2018-ல பேட்டரியை 11.6 யூனிட்டாக்கி, மொத்த சக்தியை 374 ஆக்கினாங்க. 2020 ஜூன்ல தயாரிப்பையே நிறுத்திட்டாங்க. உலகம் முழுக்க வந்தது 20 ஆயிரத்துச் சொச்சம் கார்கள்தான்.

ஆக, இன்னிக்கு ஐ8 வேணும்னா செகண்ட் ஹேண்டு ஒண்ணுதான் வழி. அங்கேதான் விக்கிறவர் சிரிச்சுக்கிட்டே அந்த மந்திரத்தைச் சொல்வார்...

“12 ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, பாஸ்!”

ஓடாத கார் நல்ல கார்?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 10 வருஷத்துல 12,000 கி.மீ.ன்னா வருஷத்துக்கு 1,200. மாசத்துக்கு 100. அரக்கோணத்துல இருந்து சென்ட்ரல் சுமார் 69 கி.மீ. ஒரு தடவை போயிட்டு வந்தாலே 138 ஆயிடும். அப்போ அந்தக் கார் மாசத்துக்கு ஒரு தடவைகூட சென்னை போய் வரலை. மீதி நாள் பூரா என்ன பண்ணிக்கிட்டு இருந்துச்சு? சும்மா நின்னுச்சு. சாதாரண கார் நின்னாலே கெடும். ஹைபிரிட் சூப்பர் கார் நின்னா இன்னும் மோசம்.

காரணம் நம்பர் 1, பெரிய பேட்டரி. லித்தியம் அயன் பேட்டரிக்கு வயசு ரெண்டு வழியில ஏறும். ஏத்தி இறக்கி ஏத்தி இறக்கி உழைச்சதால வர்ற வயசு ஒண்ணு. சும்மா இருந்தாலும் காலண்டர் கிழியக் கிழிய வர்ற வயசு இன்னொண்ணு. இந்த ரெண்டாவதுக்கு உரம் போடுற விஷயங்களும் ரெண்டு: சூடு, முழு சார்ஜ். ஃபுல் சார்ஜ் போட்டு வெயில்ல நிறுத்தி வெச்சா பேட்டரிக்குள்ள ரசாயனம் தன் வேலையைக் காட்டிக்கிட்டே இருக்கும். மே மாசம் வானிலை அறிக்கையைக் கேளுங்க. வேலூர், திருத்தணி பேர் 40 டிகிரிக்கு மேல எத்தனை நாள் வருதுன்னு எண்ணிப் பாருங்க. தகரக் கூரை போட்ட ஷெட்டுக்குள்ள அக்னி நட்சத்திரத்தை ஒரு பேட்டரி எப்படித் தாங்கும்? அதுக்காக ஒரேயடியா காலியா விட்டுட்டுப் போனாலும் ஆபத்து. ரொம்பக் கீழே இறங்கிட்டா அதை மறுபடி எழுப்புறது கஷ்டம். பாதி சார்ஜ்ல, நிழல்ல நிறுத்துறதுதான் மருந்து. அப்படித்தான் நிறுத்தினாரான்னு பழைய ஓனரைக் கேட்டா சிரிப்பார்.

காரணம் நம்பர் 2, சின்ன பேட்டரி. ஹைபிரிட்ல சாதா காருக்கு இருக்கிற 12 வோல்ட் பேட்டரியும் உண்டு. பெரிய பேட்டரியில இருந்து மின்சாரம் வெளியே வரணும்னா நடுவுல இருக்கிற சுவிட்ச் மூடணும். அந்த சுவிட்சுக்கு உத்தரவு போடுறது இந்தப் பொடியன்தான். மாசக்கணக்குல நின்னா முதல்ல சாகுறதும் இவன்தான். யானை எவ்வளவு பலமா இருந்து என்ன, பாகன் தூங்கிட்டா யானை நகராது! 12 வோல்ட் பலவீனமா இருந்தா சம்பந்தமே இல்லாத எச்சரிக்கை விளக்கெல்லாம் டேஷ்போர்டுல தீபாவளி கொண்டாடும். ஐ8-ல இன்னொரு கூத்து. முன் பானட்டை நம்ம மாருதி மாதிரி ‘டக்’னு நெம்பித் திறக்க முடியாது. அதுக்குப் பட்டறைக்காரங்களே வரணும்.

காரணம் நம்பர் 3, பெட்ரோல். வீட்டுல சார்ஜ் போட்டு, பக்கத்துக் கடைக்கு மின்சாரத்துலயே போயிட்டு வர்ற ஓனர் டேங்கை எப்போ காலி பண்ணுவார்? மாசக்கணக்குல பெட்ரோல் உள்ளேயே ஊறும். 2025-ல நாடு முழுக்க 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் பரவிடுச்சு. எத்தனாலுக்கு ஈரத்தை உறிஞ்சுற குணம் உண்டு. அந்தக் கார் எத்தனை சதவீத எத்தனால் வரைக்கும் தாங்கும்னு அதோட கையேட்டுலயே போட்டிருப்பாங்க. வாங்குறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்தைப் புரட்டுங்க.

காரணம் நம்பர் 4, டயர். ஓடாததால பட்டை அப்படியே புதுசா இருக்கும். ஆனா ரப்பர் காஞ்சிருக்கும். டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் தேடுங்க. ‘3215’ன்னு இருந்தா 2015-ம் வருஷத்து 32-வது வாரம் பிறந்த டயர்னு அர்த்தம். ஐ8-ஓட அடிப்படை முன் டயர் அளவு 195/50, ரிம் 20 அங்குலம். சூப்பர் காருக்கு இது ஒல்லிப்பிச்சான் சைஸ். உயரம் பெரிசு, அகலம் சிறுசு. இச்சிபுத்தூர்ல எம்.ஆர்.எஃப். தொழிற்சாலையை வெச்சுக்கிட்டு டயர் வாசனையிலேயே வளர்ந்த ஊர் நம்ம ஊர். ஆனா இந்த சைஸைச் சொல்லிப் பாருங்க, கடைக்காரர் உங்களை மேலும் கீழும் பார்ப்பார்!

ராஜாளி சொல்லிக் கொடுக்கிற பாடம்

‘ஓடினது எவ்வளவு?’ன்னு மட்டும் கேட்கிறது எவ்வளவு அரைகுறையான கேள்வின்னு புரியணும்னா ஜெர்மனிக்கெல்லாம் போக வேணாம். நம்ம ஊர் வானத்தைப் பார்த்தாலே போதும்.

1992-ல இருந்து ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானத்தளம் அரக்கோணத்துல இருக்கு. ரஷ்யாவோட பிரம்மாண்டமான டியூ-142 விமானங்கள் ராத்திரி பகல்னு பார்க்காம ஜன்னல் அதிர அதிர இங்கிருந்துதான் பறந்துச்சு. 1988-ல கடற்படைக்கு வந்த அந்தப் பறவைகள் 29 வருஷம் உழைச்சு, 2017 மார்ச் 29-ல இதே ராஜாளியில ஓய்வு பெற்றுச்சு. அதுல ஒண்ணு இப்போ விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில மியூசியமா நிக்குது. 2013-லேயே வந்த பி-8ஐ விமானங்கள் இப்போ அந்த வேலையைப் பார்க்குது.

விமானத்துல முக்கியமான ஒவ்வொரு பாகத்துக்கும் ரெண்டு கணக்கு இருக்கும். ‘இத்தனை மணி நேரம் பறந்தா மாத்து’ன்னு ஒண்ணு, ‘இத்தனை வருஷம் ஆனா மாத்து’ன்னு இன்னொண்ணு. எது முதல்ல வருதோ அதுதான் சட்டம். “இது பறக்கவே இல்லை சார், புதுசு மாதிரி இருக்கு”ன்னு அங்கே போய்ச் சொல்லிப் பாருங்களேன்!

நம்ம எலெக்ட்ரிக் லோகோ ஷெட்டுலயும் இதே கதைதான். இன்ஜின் நல்லாத்தானே இழுக்குதுன்னு யாரும் விட்டு வைக்கிறதில்லை. நாள் கணக்கு வந்தா ஷெட்டுக்குள்ள வந்தே ஆகணும்.

கார்காரங்களுக்கும் இது தெரியும். ஐ8 பேட்டரிக்குப் பல நாடுகள்ல கொடுத்த வாரன்ட்டி என்ன? 8 வருஷம் அல்லது 1,00,000 கி.மீ. ‘அல்லது’ங்கிற அந்த வார்த்தைதான் வில்லன்! 2015-ல வாங்கின கார் 12 ஆயிரமே ஓடியிருந்தாலும் 2023-லேயே அந்தக் கணக்கு முடிஞ்சிருக்கும். ஃபெராரி என்ன பண்ணிச்சு தெரியுமா? 2024-ல தன்னோட ஹைபிரிட் கார்களுக்கு ஒரு நீட்டிப்புத் திட்டம் அறிவிச்சது. அதுல சேர்ந்தா 8-வது வருஷம் ஒரு தடவை, 16-வது வருஷம் ஒரு தடவை பேட்டரியையே மாத்திக் கொடுப்பாங்க. கவனிங்க... அவங்க எண்ணினது வருஷத்தை!

தெரிஞ்ச வியாதிகள்

சரி, ஐ8-க்குன்னே இருக்கிற சில சமாச்சாரங்களைப் பார்ப்போம்.

பெட்ரோல் மூடி: எங்கேயும் இல்லாத கதை இது. இன்ஜின் ரொம்ப நாள் ஓடாம இருக்கலாங்கிறதால, ஆவி வெளியே போகாதபடி டேங்கை அழுத்தத்துல அடைச்சு வெச்சிருக்காங்க. பெட்ரோல் போடணும்னா முதல்ல ஒரு பட்டனை அமுக்கணும். உள்ளே இருக்கிற அழுத்தம் இறங்கி ‘ரெடி’ன்னு திரையில வந்ததுக்கு அப்புறம்தான் மூடி திறக்கும். இந்த அழுத்தத்தை அளக்கிற சென்சார் மக்கர் பண்ணிட்டா மூடி திறக்காது. ஓனர்கள் திரும்பத் திரும்பப் புலம்புற விஷயங்கள்ல இது ஒண்ணு. பங்க்ல பின்னாடி பத்து பைக் ஹாரன் அடிக்க, சூப்பர் கார் மூடி திறக்காம நின்னா எப்படி இருக்கும்? அதனால வாங்குறதுக்கு முன்னாடி ஓனரையே பங்க்குக்குக் கூட்டிட்டுப் போய் ரெண்டு லிட்டர் போடச் சொல்லுங்க.

ஏ.சி.: இதுல ஏ.சி.ங்கிறது வெறும் சொகுசு இல்லை. பேட்டரியைக் குளிர வைக்கிறதும் அதே குளிர்வாயு ஓட்டம்தான். “ஏ.சி. கொஞ்சம் கம்மியா இருக்கு, கேஸ் அடிச்சா சரியாயிடும்”னு யாராவது சொன்னா, ‘பேட்டரிக்குக் காய்ச்சல் வரப் போகுது’ன்னு மொழிபெயர்த்துக்குங்க.

சார்ஜிங்: சார்ஜ் ஏத்துற எலெக்ட்ரானிக் பெட்டி போனா செலவு பெரிசு. கேபிளை மாட்டி ஒரு முழு சார்ஜ் ஏத்திப் பார்க்காம பேரம் பேசாதீங்க.

கதவு: அந்த றெக்கைக் கதவைத் தூக்கிப் பிடிக்கிறது வாயு அடைச்ச தண்டுகள். வயசானா பலம் போயிடும். மேலே தூக்கின கதவு தானா இறங்குதான்னு பாருங்க. தலைக்கு நல்லது!

உடம்பு: பயணிகள் உட்கார்ற கூடு கார்பன் ஃபைபர். இரும்பை விட லேசு, ரொம்ப உறுதி. ஆனா ஒரு தடவை உடைஞ்சா சுத்தியல் வெச்சுத் தட்டி நிமிர்த்துற கதை நடக்காது. வெளிப்பக்கத் தகடுகள் பிளாஸ்டிக். அடிபட்டதை மறைச்சுப் புதுத் தகடு மாட்டிடலாம், உள்ளே விரிசல் அப்படியே இருக்கும். அடியில பார்க்காம வாங்குறது, எக்ஸ்ரே எடுக்காம எலும்பு நல்லா இருக்குன்னு சொல்ற மாதிரி.

இன்னொரு உண்மை. பி.எம்.டபிள்யூ.வுக்கு 2007-ல இருந்து சிங்கப்பெருமாள்கோவில் பக்கத்துல தொழிற்சாலை இருக்கு. ஆனா ஐ8 அங்கே பிறக்கலை. ஜெர்மனியில லைப்ஸிக்ல முழுசா செஞ்சு கப்பல்ல வந்த கார். பாகமும் அப்படித்தான் வரணும். இங்கேதான் பலரும் கோட்டை விடுறாங்க. பழைய காராச்சேன்னு காரோட விலைதான் குறையும். பாகத்தோட விலை குறையாது. பாதி விலைக்குக் கார் வாங்கலாம். பாதி விலைக்குப் பேட்டரி கிடைக்காது!

தண்ணியில கண்டம்

நம்ம சென்னைப் பக்கத்து கார்களுக்குன்னே ஒரு தனி ஜாதகம் இருக்கு. 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல். ரெண்டு தடவையும் பேஸ்மென்ட் பார்க்கிங்ல ஆயிரக்கணக்கான கார்கள் முங்கிச்சு. ஐ8 இந்தியாவுக்கு வந்ததும் அதே 2015-லதான்ங்கிறதை மனசுல வெச்சுக்குங்க. முங்கின கார்களை இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் ஏலம் விடுறதும், அதைத் துடைச்சு, வாசனை அடிச்சு விக்கிறதும் புதுசில்லை.

சாதா காராவது காய வெச்சா ஓடித் தொலைக்கும். ஹைபிரிட்ல 355 வோல்ட் இணைப்புகளுக்குள்ள ஈரம் போனா, பச்சைப் பாசி பிடிச்சு ரெண்டு வருஷம் கழிச்சுக்கூடக் கழுத்தை அறுக்கும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்க, சேத்துக் கறை தெரியும். சீட்டுக்கு அடியில கையை விட்டுத் துரு இருக்கான்னு தடவுங்க. புது வாசனைத் திரவியம் கும்முன்னு அடிச்சா... சந்தேகப்படுங்க.

ஆரஞ்சு கலர்ல ஒரு எமன்

விளையாட்டுப் பேச்சை ஒரு நிமிஷம் நிறுத்துவோம். ஹைபிரிட் காருக்குள்ள ஆரஞ்சு நிறத்துல தடியா கேபிள் ஓடும். அது அழகுக்கு இல்லை. ‘தொடாதே’ன்னு சொல்ற நிறம். அதுக்குள்ள பல நூறு வோல்ட் நேர் மின்சாரம். சாவியை எடுத்துட்டா எல்லாம் செத்துப் போச்சுன்னு நினைக்கக் கூடாது. கெப்பாசிட்டர்கள்ல தேங்கி நிற்கிற மின்சாரம் வடிய நேரம் ஆகும். உயர் அழுத்த இணைப்பை முறைப்படி துண்டிச்சு, காத்திருந்து, மீட்டர் வெச்சுப் பூஜ்யம்னு உறுதிப்படுத்தி, 1,000 வோல்ட் தாங்குற ரப்பர் கையுறை போட்டுக்கிட்டுத்தான் தொடணும்.

நம்ம ஊர் மெக்கானிக் அண்ணன்கள் கெட்டிக்காரங்க. சத்தத்தைக் கேட்டே எந்த வால்வுல கோளாறுன்னு சொல்வாங்க. ஆனா மின்சாரம் சத்தம் போடாது. “நீ இன்ஜினீயரிங் படிக்கிறேல்ல, வந்து பாரு தம்பி”ன்னு அவர் கூப்பிட்டா, ஹீரோயிசம் காட்டி ஸ்க்ரூ டிரைவரைத் தூக்காதீங்க. “அண்ணே, ஆரஞ்சைத் தொட வேணாம்ணே”ன்னு சொல்லுங்க. நாலு வருஷ படிப்புல அந்த ஒரு வாக்கியம் ஒரு உயிரைக் காப்பாத்தினா, அதுக்கு மேல எந்த அரியரும் பெரிசில்லை.

இப்போ உங்க வீட்டு வாசல்!

முதல்ல ஒரு வாக்குறுதி கொடுத்தேனே... வர்றேன். 2022-ல ஹோண்டா சிட்டி ஹைபிரிட், மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர், கூடவே இன்னோவா ஹைகிராஸ்னு வரிசையா நம்ம நாட்டுல இறங்கிச்சு. அதுக்கப்புறம் ரோட்டுல எத்தனை ஹைபிரிட் ஓடுதுன்னு திருத்தணி கோயிலுக்கு வண்டி பூஜைக்கு வர்ற கார்களை நின்னு பார்த்தாலே தெரியும். இந்தக் கார்களோட பேட்டரிக்குக் கொடுத்த வாரன்ட்டியும் 8 வருஷம்தான். 2022-ல வாங்கினவருக்கு 2030-ல முடியும். அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே கைமாத்தி விட்டுடலாம்னு புத்திசாலிகள் கிளம்புவாங்க. அந்தப் பக்கம் வாங்க நிற்கிறது யாரு? சிறுகச் சிறுகச் சேர்த்த காசோட உங்க அப்பா. இல்லேன்னா, முதல் சம்பளம் வாங்கின நீங்க!

இது கற்பனை இல்லை. பக்கத்துல இலங்கையில ஏற்கெனவே நடந்த கதை. ஜப்பான்ல ஓடின ப்ரியஸ், ஆக்வா, ஹோண்டா ஃபிட் மாதிரி ஹைபிரிட் கார்களை அங்கே ஏராளமா இறக்குமதி பண்ணினாங்க. கொழும்புல இருந்து யாழ்ப்பாணம் வரைக்கும் அதே கார்கள்தான். 2020 மார்ச்ல அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்திச்சு. தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பிப்ரவரியில. அந்த அஞ்சு வருஷமும் பழைய ஹைபிரிட்டையே இழுத்துப் பிடிச்சு ஓட்ட வேண்டிய கட்டாயம். பேட்டரியைப் பிரிச்சு, செத்த செல்லை மட்டும் மாத்திக் கொடுக்கிறது அங்கே ஒரு தொழிலாவே வளர்ந்திருக்கு. அதுல ஒரு சிக்கல். பத்துக் கிழவர்களுக்கு நடுவுல ஒரு இளைஞனை உட்கார வெச்சா, அடுத்த மாசம் இன்னொரு கிழவர் படுப்பார். ‘பேட்டரி புதுசா மாத்தியாச்சு’ன்னு யாராவது சொன்னா, ‘முழுசாவா, ஒட்டுப் போட்டதா?’ன்னு பில்லோட கேளுங்க.

இன்னொரு பக்கமும் பார்க்கணும். உலகம் பூரா டாக்ஸியா ஓடின ப்ரியஸ் கார்கள் லட்சக்கணக்குல கிலோமீட்டர் தாண்டியிருக்கு. தினமும் ஓடி, அளவா ஏத்தி இறக்கி, நேரத்துக்கு சர்வீஸ் பார்த்த ஹைபிரிட் நல்லாவே உழைக்கும். ஹைபிரிட்னாலே தொல்லைன்னு நான் சொல்ல வரலை. மீட்டரை மட்டும் பார்த்து வாங்குறதுதான் தொல்லை!

கட் பண்ணி வெச்சுக்குங்க

ஐ8-ஆ இருந்தாலும் சரி, அப்பா பார்க்கிற கிராண்ட் விட்டாராவா இருந்தாலும் சரி, இந்த ஏழு கேள்வியும் கேளுங்க.

1. கார் பிறந்த மாசம், வருஷம் என்ன? வாரன்ட்டி எந்தத் தேதியில முடியுது? மீட்டரை அப்புறம் பாருங்க.

2. கம்பெனி சர்வீஸ் சென்டர்ல எடுத்த உயர் அழுத்த பேட்டரி பரிசோதனை அறிக்கை எங்கே? “அதெல்லாம் வேணாம் சார்”னு சொன்னா, நீங்களும் ‘காரும் வேணாம் சார்’னு சொல்லிடுங்க.

3. ஓடாத மாசங்கள்ல எங்கே நின்னுச்சு? வெயில்லயா, நிழல்லயா? எவ்வளவு சார்ஜ்ல?

4. வருஷா வருஷம் ஆயில், பிரேக் திரவம் மாத்தின பில் இருக்கா? ‘ஓடவே இல்லை, அதான் மாத்தலை’ங்கிறது பதில் இல்லை.

5. 12 வோல்ட் பேட்டரி, டயர் ரெண்டும் எந்த வருஷத்துச் சரக்கு?

6. ரீகால் வேலைகள் ஏதாவது பாக்கியான்னு சேஸிஸ் நம்பரைக் கொடுத்து டீலர்கிட்ட கேட்டாச்சா? வெளி மாநில வண்டின்னா தடையில்லாச் சான்று, சாலை வரி கணக்கு சரியா இருக்கா? நம்ம ஊர் ஆந்திர எல்லையில இருக்கிறதால இது ரொம்ப முக்கியம்.

7. பாதி சார்ஜோட ஒரு மேட்டுல ஏறி இறங்குங்க. இறங்கும்போது பிரேக்கை மெதுவா மிதிச்சா சார்ஜ் முள் கொஞ்சமாவது ஏறணும். அரக்கோணம் ஜங்ஷன் வழியாப் போற வாப்-7 இன்ஜினும் பிரேக் போடும்போது மின்சாரம் தயாரிக்கும். அதுக்கு அதை மேலே இருக்கிற கம்பிக்கே திருப்பி அனுப்ப வழி இருக்கு. காருக்குக் கம்பி ஏது? பேட்டரிதான் எல்லாம். ஃபுல் சார்ஜ்ல வெச்சு டெஸ்ட் டிரைவ் கொடுத்தா இந்தச் சோதனையே பண்ண முடியாது. அதனால பாதி சார்ஜ்ல நிறுத்தச் சொல்லி முதல் நாளே போன் பண்ணிடுங்க.

இந்த ஏழுக்கும் பதில் சரியா வந்தா, தாராளமா வாங்குங்க. திருத்தணி மலைக்கு ஓட்டிட்டுப் போய் முருகனுக்கு ஒரு கும்பிடு, டயருக்கு அடியில எலுமிச்சம்பழம். ஆனா வரிசை முக்கியம் பாஸ்... முதல்ல பரிசோதனை அறிக்கை, அப்புறம்தான் எலுமிச்சம்பழம்!

மொட்டை மாடி சபையில மறுபடி இந்தப் பேச்சு வந்து, எவனாவது “12 ஆயிரம்தான் ஓடியிருக்கு”ன்னு கண்ணு விரியச் சொன்னா, அமைதியா ஒரே ஒரு கேள்வி கேளுங்க... “மீதி நாள் எங்கேடா நின்னுச்சு?”

அடுத்த வாரம்: புல்லட்டுல சைலன்சரை மாத்தினா உண்மையிலேயே பவர் கூடுதா, இல்ல பக்கத்து வீட்டுத் தாத்தாவோட பி.பி. மட்டும்தான் கூடுதா? பேசுவோம். வர்ட்டா!